உள்புறத்தைத் திருப்பிப் பார்க்கவேண்டிய சட்டை

1890-களின் இறுதியில் அமெரிக்க நகரங்களில் பெண்களுக்கென ஒரு சட்டை பரவியது. பெயர் ஷர்ட்வெய்ஸ்ட். ஆண்கள் சட்டையைப் போலக் காலரும் கஃப்பும் பட்டனும் வைத்து, நீளப் பாவாடைக்குள் செருகி அணிவது. அதுவரை பெண்களின் உடை பெரும்பாலும் வீட்டில் தைத்ததாகவோ, தையற்காரி அளவெடுத்துத் தந்ததாகவோ இருந்தது. இது சற்றே தொளதொளப்பாக இருந்ததால் ஒரே அளவு பலருக்குப் பொருந்தியது. அதனால் ஆயிரக்கணக்கில் தைத்துக் கடையில் விற்க முடிந்தது. தட்டச்சு செய்பவரும் ஆசிரியையும் வாங்கினார்கள். தைத்த பெண்களும் அதையே உடுத்தினார்கள்.

பழைய சட்டை ஒன்று கையில் கிடைத்தால் ஆய்வாளர்கள் முதலில் உருவத்தைப் பார்ப்பார்கள். முன்பக்கம் உப்பி இடுப்பின்மேல் சரிந்திருந்தால் 1900-களின் முதற்பாதியாக இருக்கலாம். பத்தாண்டின் முடிவில் அந்த உப்பல் அடங்கிவிட்டது. பிறகு உள்புறத்தைத் திருப்புவார்கள். கையால் முடித்த காஜாவா, மெஷின் காஜாவா? தையல் ஓரம் எப்படி மடிக்கப்பட்டிருக்கிறது? வீட்டுத் தையலையும் தொழிற்சாலைத் தையலையும் பிரித்தறிய இத்தகைய தடயங்களைச் சேர்த்துப் பார்க்கவேண்டும்.

தொழிற்சாலையில் வேலை கட்டிங் மேசையில் தொடங்கும். மெல்லிய பருத்தித் துணியை நீளமாக விரிப்பார்கள்; மேலே டிஷ்யூ தாள்; அதன்மேல் மறுபடி துணி. இப்படிப் பல அடுக்கு ஏறியதும், கட்டிங் மாஸ்டர் அளவு அட்டையை வைத்துக் கூரிய கத்தியால் எல்லாவற்றையும் ஒரே வெட்டில் அறுப்பார். துணி வீணாகாமல் அட்டைகளை நெருக்கி வைப்பதில்தான் அவர் திறமை. மிஞ்சும் துண்டுகள் மேசைக்கு அடியிலுள்ள பெட்டியில் விழும். கந்தல் வியாபாரி அவ்வப்போது வந்து எடைபோட்டு எடுத்துச் செல்வார்.

வெட்டிய துணி தையல் தளத்துக்குப் போகும். அங்கே நீண்ட மேசைகளில் வரிசையாகத் தையல் இயந்திரங்கள். ஒவ்வொரு மேசைக்கடியிலும் சுழலும் ஒரு தண்டு அந்த வரிசை முழுவதையும் ஓட்டும். ஒருத்தி கை தைப்பாள், இன்னொருத்தி காலர், மற்றொருத்தி லேஸ். பிசிறு வெட்டுவது சிறுமிகளின் வேலை. பெரும்பாலோர் ரஷ்யா, இத்தாலி போன்ற நாடுகளிலிருந்து குடியேறிய யூத, இத்தாலியப் பெண்கள். ஊசி, நூல், மின்சாரம் ஆகியவற்றுக்குக் கூடக் கூலியில் பிடித்துக்கொண்ட கம்பெனிகள் இருந்தன.

1909 நவம்பரில் நியூயார்க் கூப்பர் யூனியன் அரங்கில், தொழிற்சங்கத் தலைவர்கள் பேசிக்கொண்டே இருக்க, கிளாரா லெம்லிச் என்ற இளம் தொழிலாளி மேடையேறி யிட்டிஷ் மொழியில் பொது வேலைநிறுத்தத்துக்கு அழைத்தார். சுமார் 20,000 பேர் வேலையை விட்டு வெளியேறினார்கள். பல கம்பெனிகள் இறங்கிவந்தன. ட்ரையாங்கிள் வெய்ஸ்ட் கம்பெனி தொழிற்சங்கத்தை ஏற்கவில்லை.

1911 மார்ச் 25, சனிக்கிழமை மாலை. அந்தக் கம்பெனியின் 8-ஆம் மாடியில் கட்டிங் மேசைக்கடியில் குவிந்திருந்த துண்டுத் துணியில் தீப்பிடித்தது. மேசைக்கு மேலே தொங்கிய டிஷ்யூ அளவுத் தாள்கள் அதை அறை முழுக்கப் பரப்பின. 9-ஆம் மாடியில் ஒரு கதவு பூட்டியிருந்தது. வெளிப்புற இரும்பு ஏணி பாரம் தாங்காமல் சரிந்தது. தீயணைப்பு ஏணியோ 6-ஆம் மாடியளவில் நின்றுவிட்டது. இறந்தவர்கள் 146 பேர். அவர்களில் 123 பேர் பெண்கள். உரிமையாளர்கள் இருவரையும் அந்த ஆண்டே நீதிமன்றம் விடுவித்தது. ஆனால் தீவிபத்துக்குப்பின் அமைந்த விசாரணைக் குழுவால் நியூயார்க்கின் தொழிற்சாலைச் சட்டங்கள் மாறின.

சட்டை மட்டும் பேசினால் தைத்தவர் யாரென்று தெரியாது. அங்கேதான் ஆவணம் துணைக்கு வருகிறது. 1910 அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தொழிலுக்கும் தொழிற்சாலை வகைக்கும் தனித்தனிப் பத்திகள் உண்டு. தாய்மொழியும் குடியேறிய ஆண்டும்கூட உண்டு. தொழிற்சங்கத்தின் பழைய கோப்புகள் கார்னெல் பல்கலைக்கழகக் காப்பகத்தில் இருக்கின்றன. இத்தகைய ஆவணங்களையும் அந்நாளைய பத்திரிகைகளையும் அலசித்தான், தீயில் இறந்து அடையாளம் தெரியாமல் புதைக்கப்பட்டிருந்த கடைசி ஆறு பேரின் பெயர்களை ஆய்வாளர் மைக்கேல் ஹிர்ஷ் கண்டுபிடித்தார். அவை வெளியானது 2011-இல், தீவிபத்தின் நூற்றாண்டில். தீப்பிடித்த அந்தத் தொழிற்சாலைக் கட்டடம் இன்று நியூயார்க் பல்கலைக்கழகத்தின் பகுதி. 2023 முதல் அதன் வெளிச்சுவரில் 146 பெயர்களும் இருக்கின்றன.