குளிரில் மட்டும் வேலை செய்யும் மருந்து

2014-இல் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஈ.கோலை பாக்டீரியாவைக் குளிரில் வைத்து, அதன்மேல் ஒவ்வொரு மருந்தாகப் போட்டுப் பார்த்தார்கள். சிக்கியது லாமோட்ரிஜின். வலிப்பு நோயாளிகள் ஆண்டுக்கணக்கில் விழுங்கும் அதே மாத்திரைதான்.

எதற்குக் குளிர்? பாக்டீரியாவுக்குப் புரதம் தயாரித்துக் கொடுக்கும் பட்டறை ரைபோசோம். டெட்ராசைக்ளின், எரித்ரோமைசின் போன்றவை கட்டி முடித்த பட்டறைக்குள் புகுந்து வேலையைக் கெடுப்பவை. பட்டறையை எழும்பவே விடாத மருந்து உண்டா என்று தேடினார்கள் அந்த ஆய்வை நடத்திய எரிக் பிரவுனும் ஜொனாதன் ஸ்டோக்ஸும். ரைபோசோம் கட்டுவதில் கோளாறு உள்ள பாக்டீரியா குளிர் தாங்காது என்பது துறையில் பழைய செய்தி. ஆகவே 37 டிகிரியில் பேசாமல் இருந்துவிட்டு, 15 டிகிரியில் மட்டும் வளர்ச்சியை நிறுத்தும் மருந்தே தாங்கள் தேடும் ஆள் என்று கணக்குப் போட்டார்கள். கெட்டிக்காரக் கணக்கு!

லாமோட்ரிஜின் கொடுத்த செல்களில் ரைபோசோமின் பெரிய பாதி, சிறிய பாதி இரண்டும் அரைகுறையாகத் தேங்கிக் கிடந்தன. பிறகு, மருந்துக்கு மசியாத பாக்டீரியாக்களைப் பொறுக்கி அவற்றின் மரபணுவைப் படித்தார்கள். மாற்றம் ஐஎஃப்-2 என்ற புரதத்தில் இருந்தது. புரத உற்பத்தியைத் தொடங்கிவைப்பது என்றுதான் பாடப்புத்தகங்கள் அதை அறிமுகப்படுத்தும். ரைபோசோம் கட்டுமானத்திலும் அதற்குக் கை உண்டு என்பதற்கு இது வலுவான தடயம்.

இந்த மருந்தின் பூர்வீகமும் சுவையானது. பழைய வலிப்பு மருந்துகள் உடலில் ஃபோலேட் என்ற வைட்டமினைக் குறைப்பதைப் பார்த்து, வலிப்பு அடங்குவதே அதனால்தானோ என்று வெல்கம் நிறுவனத்தில் ஊகித்தார்கள். ஃபோலேட்டுக்கு எதிரான வேதிப்பொருள்களைச் சோதித்த அந்த வரிசையில் வந்தது லாமோட்ரிஜின். ஊகம் பொய்த்தது, மருந்து பலித்தது. அது வலிப்பை அடக்குவது முக்கியமாக நரம்புச் செல்களின் சோடியம் வாயில்களை மறித்து. பாக்டீரியாவைக் கொல்லும் ட்ரைமெத்தோப்ரிம்கூட அதே நிறுவனத்தின் ஃபோலேட் ஆராய்ச்சியில் விளைந்ததுதான். பங்காளி முறை என்று சொல்லலாம்.

அதற்காக, காய்ச்சலுக்கு வலிப்பு மாத்திரையைத் தேட வேண்டாம். நம் உடம்பின் சூடு 37 டிகிரி. அந்தச் சூட்டில் லாமோட்ரிஜின் ஈ.கோலையை ஒன்றும் செய்வதில்லை. போதாக்குறைக்கு, அளவை வாரக்கணக்கில் மெள்ள மெள்ளத்தான் கூட்ட வேண்டும். அவசரப்பட்டால் உயிருக்கே ஆபத்தான தோல் கொப்புளம் வரலாம்.

பாக்டீரியா விஷயத்தில் இந்த மருந்தின் பயன் ஆய்வுக்கூடத்தில். முன்பெல்லாம் ரைபோசோம் கட்டுமானத்தைப் பாதியில் நிறுத்திப் பார்க்க மரபணுவைச் சிதைத்த பாக்டீரியாவை உருவாக்க வேண்டியிருந்தது. இப்போது இயல்பான ஈ.கோலையைக் குளிர வைத்து, வேண்டிய நேரத்தில் மருந்தைச் சேர்த்தால் போதும்.