பெட்ரோல் பில்லில் ஒரு புகைக் கணக்கு

மாதக் கடைசியில் பெட்ரோல் பில்லை வெள்ளைத்தாளில் ஒட்டி அக்கவுண்ட்ஸில் கொடுக்கிறவரா நீங்கள்? ரூபாயைக் கூட்டியாயிற்று, ஒருமுறை லிட்டரையும் கூட்டிப் பாருங்கள். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய 2.3 கிலோ கரியமில வாயு வெளியேறும். டீசல் என்றால் 2.7 கிலோ. முக்கால் கிலோ எடையுள்ள பெட்ரோல் எப்படி இரண்டேகால் கிலோ வாயுவாகும்? எரியும்போது காற்றிலுள்ள ஆக்சிஜனும் சேர்ந்துகொள்கிறது.

தாம்பரத்திலிருந்து நுங்கம்பாக்கத்துக்குத் தினமும் போக வர 45 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். லிட்டருக்கு 45 கொடுக்கும் பைக்கில், 22 வேலைநாளில் சுமார் 50 கிலோ. லிட்டருக்கு 15 கொடுக்கும் காரில் தனியாகப் போனால் 150 கிலோ. அதே காரில் மூன்று பேர் போனால் தலைக்கு 50. மின்சார ரயிலில் போனால் அதைவிடவும் குறைவு.

'பொல்யூஷன் சர்டிபிகேட்' இருக்கிறதே என்பீர்கள். பெட்ரோல் வண்டிக்கு அது கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரோகார்பன் அளவைப் பார்க்கும் சோதனை. கரியமில வாயுவுக்கு அதில் வரம்பே இல்லை.

நிறுவனங்களின் கணக்கிலும் ஓர் ஓட்டை உண்டு. பங்குச்சந்தையின் முதல் 1,000 நிறுவனங்கள் 2022-23 முதல் செபி விதிப்படி, 'பி.ஆர்.எஸ்.ஆர்.' என்ற பொறுப்பு அறிக்கை தர வேண்டும். கம்பெனிக்குச் சொந்தமான வண்டியின் புகை அதில் கட்டாயக் கணக்கு. ஒப்பந்த கேப், விமானம், ஊழியரின் பைக் எல்லாம் 'ஸ்கோப் 3'. அந்தப் பகுதி விருப்பத்தைப் பொறுத்தது. சொந்த வண்டிகளை விற்றுவிட்டு கேப் அமர்த்தினால் கட்டாயக் கணக்கில் எண் குறையும். சாலையில் புகை குறையாது.

அந்த அறிக்கை ரகசியமல்ல. நிறுவன இணையதளத்திலேயே இருக்கும். எடுத்துப் பாருங்கள். ஸ்கோப் 3 காலியாக இருந்தால் ஹெச்.ஆரிடம் கேளுங்கள். பெங்களூருக்கு ஒருநாள் மீட்டிங் என்றால் விமானம்தானா? வந்தே பாரத் நாலரை மணி நேரத்துக்குள் போய்விடுகிறது. ஏர்போர்ட்டுக்குப் போகும் நேரத்தையும் செக்யூரிட்டி வரிசையையும் கூட்டினால் விமானம் அப்படியொன்றும் முந்திவிடுவதில்லை. பயண விதியில் 'முதலில் ரயில்' என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லலாம்.

'கார்பன் நியூட்ரல் பயணம்' என்று யாராவது விளம்பரம் செய்தால் ஆதாரம் கேளுங்கள். ஆதாரமில்லாத பசுமை வாக்குறுதிகளுக்கு எதிராக மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில் வழிகாட்டு நெறிகளை அறிவித்திருக்கிறது. புகாருக்குத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.