கச்சான் தோட்டத்தில் பிள்ளைகள்: முள்ளியவளைப் பெற்றோர் கவனிக்க வேண்டியவை

முள்ளியவளைப் பக்கம் கச்சான் பிடுங்கும் காலத்தில் பிள்ளைகள் இல்லாத தோட்டத்தைக் காண்பது அரிது. யுத்தத்தில் கணவரை இழந்து தனியே தோட்டம் செய்யும் பெண்களுக்கு, பிள்ளையை வீட்டில் விட்டுவர ஆளில்லை. 'பிள்ளைகளைத் தோட்டத்துக்குக் கூட்டிப் போகாதீர்கள்' என்ற அறிவுரையால் அவர்களுக்குப் பயனில்லை. கூட்டிப் போனால் எதைக் கவனிப்பது என்பதே கேள்வி.

முதலில் மண். மிதிவெடி அகற்றிக் கையளிக்கப்பட்ட காணியென்றாலும் முற்றாக நம்பிவிட முடியாது. அகற்றும் பணி குறிப்பிட்ட ஆழம் வரைதான் நடக்கிறது. அதற்குக் கீழே கிடப்பதை உழவும் மாரி வெள்ளமும் மேலே கொண்டுவரலாம். குவித்த சருகுக்குத் தீ வைத்தபோது மண்ணுக்குள் கிடந்த வெடிபொருள் சூடேறி வெடித்த சம்பவங்கள் 2009க்குப் பின்னர் வன்னியில் பல தடவைகள் நடந்துள்ளன. எனவே தீ மூட்டும் நாளில் பிள்ளைகள் தோட்டத்தில் நிற்கவே கூடாது.

பெரியவர்களுக்கு எறிகணையைப் பார்த்த உடனேயே தெரியும். 2009க்குப் பின்னர் பிறந்த பிள்ளைக்கு அது விற்றால் காசு வரும் பழைய இரும்பு. யுத்தத்தைப் பற்றிப் பிள்ளைகளோடு பேசப் பல பெற்றோருக்கு மனம் வருவதில்லை, அது புரிந்துகொள்ளக்கூடியது. ஆனாலும் இந்த ஒன்றையாவது சொல்லித்தான் ஆகவேண்டும்: தொடாதே, கல்லெறியாதே, வந்த வழியே திரும்பி வந்து அம்மாவிடம் சொல். பெரியவர்கள் 119க்கோ கிராம சேவையாளருக்கோ அறிவிக்கலாம்.

அடுத்தது மருந்து. விழுங்கினால் முறிமருந்தில்லாத பராகுவாட் களைநாசினி இலங்கையில் தடைசெய்யப்பட்டுவிட்டது. ஆனால் இப்போது பாவனையில் உள்ள பூச்சிநாசினிகளிலும் தோலினூடாகவே உடலுக்குள் போகக்கூடியவை உண்டு. மிஞ்சிய மருந்தைச் சோடாப் போத்தலில் ஊற்றி வைப்பதுதான் மிக மோசமான பழக்கம். தாகத்தில் ஓடிவரும் பிள்ளை மணந்து பார்த்துக் குடிப்பதில்லை. குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்க வேண்டாம். மூச்சுக்குழாய்க்குள் போனால் நிலைமை இன்னும் மோசமாகும். 1990 அம்புலன்ஸை அழையுங்கள், அல்லது மாஞ்சோலை வைத்தியசாலைக்கு உடனே கொண்டுபோங்கள். மருந்துப் போத்தலையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். எந்த மருந்தென்று தெரிந்தால் வைத்தியருக்குச் சிகிச்சை தொடங்க இலகு.

கட்டில்லாத தோட்டக் கிணறுகள் இன்னும் நிறைய உண்டு. கட்டுக் கட்டப் பணமில்லாவிட்டால், இடைவெளி இல்லாமல் நெருக்கமாக அடைத்த ஒரு வேலியும் பூட்டக்கூடிய படலையும் போதும். லாண்ட்மாஸ்டர் பெட்டியின் முன்தண்டில் பிள்ளையை இருத்திக்கொண்டு ஓடுவதையும் நிறுத்த வேண்டும். அதிலிருந்து விழுந்தால் பெட்டிச் சில்லுக்கு அடியில்தான் விழும்.