ஒரு சாக்கெட், ஐந்து கணினிகள்

எங்கள் நடுநிலைப் பள்ளிக்கு ஃபைபர் இணைப்பு வந்தபோது, அதன் பெட்டியைத் தலைமையாசிரியர் அறையில் மாட்டிவிட்டு, அங்கிருந்து ஒரே ஒரு லேன் ஒயரை மாடியிலுள்ள கணினி அறைக்கு இழுத்துக் கொடுத்துப் போனார்கள். சுவரில் ஒரு சாக்கெட். அறையில் ஐந்து கணினிகள். காலையில் எமிஸ் பதிவுக்காக ஒரு கணினியில் ஒயரைச் செருகுவோம். பாடவேளையில் பிடுங்கி வேறொன்றில் செருகுவோம். இரண்டே மாதத்தில் ஒயர் முனையின் பிளாஸ்டிக் நாக்கு உடைந்தது. அதைவிட வருத்தம், இணையம் உள்ள அந்த ஒரு கணினியைச் சுற்றி முப்பது பிள்ளைகள் நின்றதுதான். பின்வரிசைப் பிள்ளைகளில் சிலர் அந்தப் பருவம் முழுவதும் மவுஸைத் தொடவே இல்லை.

முதலில் நான் செய்தது தவறு. கடையில் ஒன்றை இரண்டாகப் பிரிக்கும் சிறு முனை ஒன்றை வாங்கி வந்தேன். ‘ஸ்ப்ளிட்டர்’ என்று கொடுத்தார்கள். ஒரு கணினியை மட்டும் இணைத்தால் இணையம் வரும். இரண்டையும் இணைத்தால் இரண்டிலும் வராது. மின்சாரத்துக்கு மல்டி பிளக் போடுவதைப் போல இதையும் நினைத்துவிட்டேன். மின்சாரம் யாருக்குப் போகிறோம் என்று பார்ப்பதில்லை. தரவு அப்படியல்ல, ஒவ்வொரு துண்டுக்கும் அனுப்புநர், பெறுநர் முகவரி உண்டு. லேன் ஒயரின் ஒரு முனைக்கு எதிரே ஒரே ஒரு கருவிதான் இருக்க முடியும். அந்த மலிவான முனையோ ஒரே கம்பிகளை இரண்டு வாயில்களுக்கும் சேர்த்துக் கட்டியிருந்தது.

வேறு வகை ஸ்ப்ளிட்டரும் இருக்கிறது. லேன் ஒயருக்குள் எட்டுக் கம்பிகள் நான்கு சோடிகளாக முறுக்கப்பட்டிருக்கும். 100 எம்பிபிஎஸ் வேகத்துக்கு இரண்டு சோடிகள் போதும் என்பதால், அவற்றை இரண்டிரண்டாகப் பிரித்துத் தருவது அது. ஆனால் ஒயரின் இரண்டு முனைகளிலும் அதைப் பொருத்த வேண்டும். ரூட்டரில் இரண்டு வாயில்களும் செலவாகும். எப்படிப் பார்த்தாலும் இரண்டு கணினிக்கு மேல் முடியாது.

நமக்கு வேண்டியது நெட்வொர்க் ஸ்விட்ச். (கடையில் ‘நெட்வொர்க்’ என்று சேர்த்தே கேளுங்கள், இல்லையென்றால் விளக்குக்கான சுவிட்சை எடுத்து வைப்பார்கள்.) உள்ளங்கையைவிடச் சற்றே பெரிய பெட்டி. சுவரிலிருந்து வரும் ஒயரை ஒரு வாயிலில் செருகி, மற்ற வாயில்களிலிருந்து கணினிகளுக்கு ஒயர் கொடுக்க வேண்டும். வேறு எந்த அமைப்பும் செய்ய வேண்டியதில்லை. கணக்கில் மட்டும் கவனம் தேவை: ஐந்து வாயில் பெட்டியில் ஒன்று உள்ளே வரும் ஒயருக்குப் போய்விடும், மீதம் நான்குதான். எங்கள் ஐந்து கணினிகளுக்கு எட்டு வாயில் பெட்டி வாங்கினோம். ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்தது.

அது வேலை செய்யும் விதம் நமக்குப் பழக்கமானதே. புதிய வகுப்புக்குள் முதல் நாள் நுழைகிறோம். ஒரு பெயரைச் சொல்லி வகுப்பு முழுவதற்கும் கேட்கும்படி அழைக்கிறோம். எந்த இடத்திலிருந்து ஒரு பிள்ளை எழுகிறது என்று பார்த்து நினைவில் வைத்துக்கொள்கிறோம். மறுநாள் நேராக அந்த இருக்கையைப் பார்த்தே பேசுகிறோம். ஒவ்வொரு கணினியின் இணைப்பு அட்டைக்கும் மேக் முகவரி என்ற அடையாளம் உண்டு. எந்த முகவரி எந்த வாயிலில் இருக்கிறது என்று ஸ்விட்ச் இப்படித்தான் அட்டவணை போட்டுக்கொள்கிறது. முன்பு புழக்கத்தில் இருந்த ‘ஹப்’ என்ற பெட்டி கடைசி வரை எல்லோருக்கும் கேட்கும்படி கத்திக்கொண்டே இருக்கும். பழைய பொருள்களில் அது கிடைத்தால் இதற்கென்று எடுக்க வேண்டாம்.

“ஐந்தாகப் பிரித்தால் வேகம் ஐந்தில் ஒன்றாகிவிடாதா?” என்று சக ஆசிரியர் கேட்டார். சும்மா இருக்கும் கணினி எதையும் எடுத்துக்கொள்ளாது. ஐந்திலும் ஒரே நேரத்தில் வீடியோ ஓடினால்தான் வெளியிலிருந்து வரும் வேகம் பங்கு போடப்படும். 40 எம்பிபிஎஸ் இணைப்பு என்றால் ஆளுக்கு ஏறத்தாழ 8 கிடைக்கும். பாடக் காணொளிக்கு அது போதும்.

வீட்டில் செய்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கணினிகளுக்கு ஐ.பி. எண் வழங்குவது ரூட்டர்தான், ஸ்விட்ச் அல்ல. ஆகவே ஸ்விட்ச் ரூட்டருக்குப் பின்னால்தான் வர வேண்டும். சில வீடுகளில் ஃபைபர் பெட்டி தனியாகவும் ரூட்டர் தனியாகவும் இருக்கும். இரண்டுக்கும் நடுவே ஸ்விட்சைப் போட்டால் பெரும்பாலும் ஒரு கருவிக்கு மட்டுமே இணையம் கிடைக்கும். அலமாரியில் கிடக்கும் பழைய ரூட்டரையும் ஸ்விட்சாகப் பயன்படுத்தலாம். அதில் டி.ஹெச்.சி.பி. வசதியை அணைத்து, அதன் சொந்த எண்ணை முதல் ரூட்டரின் எண்ணோடு மோதாதபடி மாற்றி, சுவரிலிருந்து வரும் ஒயரை ‘வேன்’ வாயிலில் அல்லாமல் ‘லேன்’ வாயிலில் செருக வேண்டும். அணைக்க மறந்தால் இரண்டு ரூட்டர்களும் போட்டி போட்டு எண் கொடுக்கும்; எந்தக் கணினி எப்போது அறுபடும் என்று சொல்லவே முடியாது.

எல்லாம் சரியாக ஓடிக்கொண்டிருந்தபோது ஒரு நாள் மதியம் பள்ளி முழுவதும் இணையம் நின்றது. மறுநாள் எட்டாம் வகுப்புக்கு இணையவழித் தேர்வு. பெட்டியை அணைத்துப் போட்டேன், இணைப்பு கொடுத்தவர்களுக்குத் தொலைபேசியில் பேசினேன். ஸ்விட்சின் பச்சை விளக்குகள் எல்லாம் வெறி பிடித்ததுபோல் ஒன்றாக மின்னின. எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்திதான் குனிந்து பார்த்துவிட்டு, “டீச்சர், இந்த நீல ஒயரோட ரெண்டு முனையும் இதுலயே இருக்கு” என்றாள். காலையில் அறையை ஒழுங்குபடுத்தும்போது தொங்கிய முனையைக் காலி வாயிலில் செருகி வைத்தது நான்தான். ‘எல்லோருக்கும்’ என்று ஒரு கணினி அனுப்பும் செய்தி அந்த வளையத்துக்குள் நிற்காமல் சுற்றிச் சுற்றிப் பெருகும். இந்த வகைச் செய்திக்குக் காலாவதி கிடையாது. முனையைப் பிடுங்கிய சில நொடிகளில் இணையம் திரும்பியது. தேர்வும் நடந்தது.

ஒயர் வாங்கும்போது கேட் 5இ அல்லது கேட் 6 என்று கேட்டு வாங்குங்கள். ஒரே நீளம் 100 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. மின்சார ஒயரோடு சேர்த்துக் கட்ட வேண்டாம்.

அந்த வாரம் ஏழாம் வகுப்பில் இதையே விளையாட்டாக நடத்தினேன். ஒருவர் ஸ்விட்ச், எட்டுப் பேர் கணினிகள், கையில் பெயர் எழுதிய துண்டுச்சீட்டுகள். ஸ்விட்சாக நின்ற பையன் முதல் ஐந்து நிமிடம் திணறினான். பிறகு யாருக்கு என்று படித்த கையோடு சீட்டை நீட்டினான். வளையத்தையும் செய்து காட்டச் சொன்னார்கள். ஒரே சீட்டை நகல் எழுதி எழுதிக் கடைசியில் இரண்டு தாள் தீர்ந்துபோனது. இப்போது எங்கள் கணினி அறையில் ஒவ்வொரு ஒயரின் இரு முனையிலும் எண் ஒட்டியிருக்கிறது. ஒட்டியது அந்த எட்டாம் வகுப்பு மாணவி.