உங்களுக்குத் தெரியுமா?

பிரிட்டனின் மேற்குப் பகுதியாகிய வேல்ஸில், 2022 செப்டம்பர் முதல் ஆரம்பப் பாடசாலைகளில் நடைமுறைக்கு வந்த பாடத்திட்டம், குழந்தை தான் வாழும் ஊரையும் அதன் சரித்திரத்தையும் அறிவதிலிருந்தே கல்வி தொடங்க வேண்டும் என்று கருதி, நிலத்தோடுள்ள அந்த உறவைச் சுட்டக் 'கனெவின்' என்னும் வேல்ஷ் சொல்லை விசேஷமாகக் கையாள்கிறது.

அவ்வாறு வேல்ஸின் ஆங்கில்சி தீவுச் சிறுவன் ஒருவன் தன் ஊர்ப் பெருமையைத் தேடிப் புறப்பட்டால், வட்டத்தின் சுற்றளவுக்கும் விட்டத்துக்குமுள்ள விகிதத்தை 1706இல் 'பை' என்னும் கிரேக்க எழுத்தால் முதன்முதல் குறித்த வில்லியம் ஜோன்ஸ் என்னும் கணித மேதையைக் காண்பான். அவரது புதல்வரோ, அதே பெயருடன் கல்கத்தாவுக்கு நீதிபதியாக வந்து, 1784இல் ஆசியக் கழகத்தை ஸ்தாபித்து, சாகுந்தலத்தை ஆங்கிலத்தில் பெயர்த்து, 1794இல் அந்நகரிலேயே காலமானார். தந்தை கணிதம், மகன் சமஸ்கிருதம், நல்ல குடும்பந்தான்!

அதே கல்கத்தாவிலுள்ள ஜாதவ்பூர்க் குழந்தைகள் தங்கள் ஊர்ப் பெருமையைத் தேட அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. சுதேசி இயக்கத்தின் எழுச்சியில் 1906இல் பிறந்த தேசியக் கல்விக் கழகமே 1955இல் அவர்கள் வாசலிலுள்ள பல்கலைக்கழகமாக மலர்ந்தது. பக்கத்திலுள்ள பிஜோய்கட்டின் கதையைப் பாட்டிமாரிடமே கேட்டுக் குறித்துக்கொள்ளலாம்: தேசப் பிரிவினைக்குப் பின் கிழக்கு வங்கத்திலிருந்து வந்த அகதிகள், யுத்தகால ராணுவ முகாமொன்றில் குடியேறி, அதற்கு 'வெற்றிக் கோட்டை' என்று பெயரிட்டார்கள்.