வாட்ஸ்அப்பில் கடை விரிக்கலாம், வாசல் கதவையும் கவனிக்கலாம்!

"மாமி, உங்க கை வடுமாங்காய் மாதிரி எந்தக் கடையிலேயும் கிடைக்கிறதில்லை. எனக்கும் ஒரு கிலோ போட்டுக் கொடுங்களேன், காசு கொடுத்துடறேன்!"

பக்கத்து வீட்டுப் பெண் சொல்லும் இந்த ஒரு வார்த்தையிலிருந்துதான் எத்தனையோ வீட்டுத் தொழில்கள் பிறக்கின்றன. 1959-ம் ஆண்டு பம்பாயில் ஏழு பெண்கள் எண்பது ரூபாய் கடன் வாங்கி, மொட்டை மாடியில் அப்பளம் இடத் தொடங்கினார்கள். இன்று ஊர் ஊராகக் கிடைக்கும் லிஜ்ஜத் அப்பளத்தின் ஆரம்பம் அதுதான். ஒருத்தி வாங்கினாள், ருசி நன்றாக இருந்தது, பத்துப் பேரிடம் சொன்னாள். வியாபாரம் வளர்ந்தது இப்படித்தான்.

அந்த வாய்வார்த்தை இன்று கைப்பேசிக்குள் குடியேறிவிட்டது. சாம்பார்ப் பொடி, முறுக்கு, ஆரி வேலை ரவிக்கை, மாடித்தோட்டத்து நாற்று என்று எதைச் செய்தாலும், வீட்டு வேலை முடிந்த மத்தியான வேளையில் உட்கார்ந்த இடத்திலிருந்தே விற்க முடிகிறது. முன்பணம் கொடுத்துக் கடை பிடிக்க வேண்டியதில்லை. ஆனால், நம் கடைவாசல் திறந்தால் நல்லவர்கள் மட்டும்தான் உள்ளே வருவார்கள் என்று யார் உத்தரவாதம் தர முடியும்? ஆகவே, கடை விரிக்கும் வழியையும் கதவைக் காக்கும் வழியையும் சேர்த்தே தெரிந்துகொள்வோம், சகோதரிகளே!

எந்தத் தெருவில் கடை?

எல்லாவற்றிலும் ஒரே நாளில் கால் வைக்க வேண்டாம். தெரிந்தவர்களுக்கும், அவர்களுக்குத் தெரிந்தவர்களுக்கும் விற்பதற்கு வாட்ஸ்அப் போதும். ரவிக்கை, நகை, கோலம் என்று கண்ணால் பார்த்து ஆசைப்படும் பொருள்களுக்கு இன்ஸ்டாகிராம் சரிப்படும். செய்முறையைச் சொல்லிக் கொடுத்து நம்பிக்கை சம்பாதிக்க நினைப்பவர்களுக்கு யூடியூப். ஒன்றை ஆறு மாதம் ஒழுங்காகச் செய்துவிட்டு அடுத்ததைப் பார்க்கலாம்.

வாட்ஸ்அப்பிலேயே வியாபாரிகளுக்கென்று 'வாட்ஸ்அப் பிசினஸ்' என்ற தனிச் செயலி 2018-ல் வந்தது. காசு கட்ட வேண்டாம். பொருள்களின் படத்தையும் விலையையும் அதில் வரிசையாக அடுக்கி வைக்கலாம். "இப்போது அடுப்படியில் இருக்கிறேன், நாலு மணிக்குப் பதில் தருகிறேன்" என்று தானாகவே பதில் போகும்படி எழுதி வைக்கலாம். சமையல் நேரத்தில் போன் கிணுகிணுக்கிறதே என்ற படபடப்பு பாதி குறைந்துவிடும்.

இன்னொரு முக்கியமான விஷயம். வாடிக்கையாளர்களை எல்லாம் ஒரே குழுவில் சேர்த்துவிடாதீர்கள். குழுவில் ஒருவர் நம்பர் மற்ற எல்லோருக்கும் தெரியும். உங்களை நம்பி நம்பர் கொடுத்த ஒரு பெண்ணுக்கு முன்பின் தெரியாத ஆளிடமிருந்து ராத்திரி போன் வந்தால், அந்தப் பழி உங்கள் தலையில்தான் விழும். 'பிராட்காஸ்ட்' பட்டியலாகப் போட்டுக்கொண்டால் உங்கள் செய்தி ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் போகும். ஆனால் உங்கள் நம்பரைத் தம் போனில் பதிந்து வைத்திருப்பவர்களுக்குத்தான் அது போய்ச் சேரும். "என் நம்பரை சேவ் பண்ணிக்கோங்க அக்கா" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

படம், விலை, நேரம்

படம் எடுக்க ஸ்டூடியோ தேவையில்லை. காலை வெளிச்சம் விழும் ஜன்னலோரம், ஒரு வெள்ளை வேஷ்டி, துடைத்து வைத்த தட்டு, இவை போதும். அடுத்தவர் எடுத்த படத்தை எடுத்துப் போடாதீர்கள். படத்தில் இருப்பது ஒன்று, வீட்டுக்கு வந்தது வேறொன்று என்றால் மறுமுறை வாங்குவார்களா?

விலையை மறைக்காதீர்கள். "விலைக்குத் தனியாகக் கேளுங்கள்" என்று எழுதினால் பாதிப் பேர் கேட்காமலே போய்விடுவார்கள். எத்தனை கிராம், என்ன விலை, கூரியர் செலவு எவ்வளவு, எத்தனை நாள் கெடாமல் இருக்கும், எந்தக் கிழமை அனுப்புவீர்கள் என்ற ஐந்தையும் எழுதிவிட்டால் கேள்விகள் குறையும். பொட்டலத்தின் மேலும் பெயர், முகவரி, எடை, விலை, தயாரித்த மாதம் எல்லாம் இருக்க வேண்டும். இது மரியாதைக்காக மட்டுமல்ல, பொட்டலம் போட்டு விற்கும் பொருளுக்குச் சட்டமும் அப்படித்தான் சொல்கிறது.

ஒரு நாளைக்கு உங்கள் கையால் பத்து கிலோதான் முடியும் என்றால், தீபாவளிக்கு நாற்பது கிலோவுக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். "இந்த வாரம் முடிந்துவிட்டது, அடுத்த வாரம் தருகிறேன்" என்று சொல்கிறவளுக்கு மதிப்பு கூடும். ஒப்புக்கொண்டு தராதவளைப் பற்றித்தான் நாலு பேரிடம் சொல்வார்கள்.

'சர்க்கரை குணமாகும்' என்று எழுதலாமா?

தின்பண்டம் விற்பவர்கள் வீட்டுச் சமையலறையில் செய்தாலும் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள்வது கட்டாயம். பதிவு செய்தால் 14 இலக்க எண் ஒன்று கொடுப்பார்கள். அதைப் பொட்டலத்திலும் உங்கள் பக்கத்திலும் போடுங்கள். வாங்குகிறவர்களுக்கு அதுவே ஒரு தைரியம்.

ஆசையில் பலர் செய்யும் தவறு ஒன்று உண்டு. "இந்தப் பொடி சாப்பிட்டால் சர்க்கரை நோய் அறவே நீங்கும்" என்று எழுதிவிடுகிறார்கள். சர்க்கரை நோய் உள்பட சில நோய்களைக் குணப்படுத்தும் என்று விளம்பரம் செய்வதை 1954-ம் வருடத்துச் சட்டம் ஒன்று தடுக்கிறது. உணவுப் பொருளைப் பற்றிப் பொய்யான விளம்பரம் செய்தால் 2006-ம் வருடத்து உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். அபராதத்தை விடுங்கள். உங்கள் வார்த்தையை நம்பி ஒரு பெரியவர் மாத்திரையை நிறுத்திவிட்டால் அந்தப் பாவத்தை யார் சுமப்பது? "வெந்தயம் சேர்த்தது" என்று சொல்லுங்கள், போதும். "நோய் தீரும்" என்பது வைத்தியர் சொல்ல வேண்டிய வார்த்தை.

சத்துமாவு செய்யும் இளம் தாய்மார்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆறு மாதத்திலிருந்து இரண்டு வயது வரையுள்ள குழந்தைகளுக்கான இணை உணவு என்று சொல்லி விளம்பரம் செய்வதையே நம் நாட்டில் 1992-ல் வந்த சட்டம், பிறகு 2003-ல் செய்த திருத்தத்தோடு சேர்த்துத் தடை செய்திருக்கிறது. கொழுகொழு குழந்தையின் படத்தைப் போட்டு மாவு விற்பது பார்க்க அழகாக இருக்கலாம். சட்டப்படி அது தப்பு.

பணம் வரும் வழியில் பள்ளம்

நம் பெண்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். சில தந்திரங்களை அடையாளம் தெரிந்து வைத்துக்கொண்டால் போதும்.

முதலாவது: ராணுவத்தில் இருப்பதாகச் சொல்லி ஒருவர் பெரிய ஆர்டர் கொடுப்பார். பேரம் பேசவே மாட்டார். பிறகு, "ஒரு கட்டம் போட்ட படம் அனுப்புகிறேன், அதை ஸ்கேன் செய்து பின் நம்பரைப் போடுங்கள், பணம் வந்துவிடும்" என்பார். பணம் வராது, போய்விடும்! யு.பி.ஐ.யில் பணம் கொடுக்கத்தான் பின் நம்பர் தேவை. பணம் வாங்குவதற்குப் பின் நம்பர் தேவையே இல்லை. இந்த ஒரு வரியை அடுப்பு மேடைக்கு மேலே எழுதி ஒட்டி வைத்தாலும் தகும்.

இரண்டாவது: "பணம் அனுப்பியாச்சு, ஸ்கிரீன்ஷாட் பாருங்க" என்று ஒரு படம் வரும். அப்படிப் படம் தயாரிப்பது வெகு சுலபம். வங்கிக் கணக்கில் பணம் ஏறியதைக் கண்ணால் பார்த்த பிறகே பொட்டலம் கட்டுங்கள்.

மூன்றாவது: "ஐயையோ, ஐந்நூறுக்குப் பதில் ஐயாயிரம் அனுப்பிட்டேன் சிஸ்டர், மீதியைத் திருப்பி அனுப்புங்க, ஆஸ்பத்திரிச் செலவுக்கு வேணும்" என்று அழுகுரல். அவசரப்படுத்துவதுதான் மோசக்காரரின் ஆயுதம். கணக்கைப் பாருங்கள். பெரும்பாலும் அங்கே ஒன்றுமே வந்திருக்காது.

நான்காவது: கல்யாணப் பத்திரிகை, கூரியர் ரசீது என்ற பெயரில் ஒரு ஃபைல் வரும். பெயரின் கடைசியில் 'ஏ.பி.கே.' என்று இருந்தால் தொடாதீர்கள். அது பத்திரிகை அல்ல, உங்கள் போனுக்குள் நுழையப் பார்க்கும் திருட்டுச் செயலி.

வாட்ஸ்அப்பிலிருந்து வரும் ஆறு இலக்க ஓ.டி.பி.யை உடன்பிறந்த தங்கை கேட்டாலும் சொல்லாதீர்கள். கேட்பது தங்கையாக இல்லாமல் இருக்கலாம். செட்டிங்ஸில் 'இரண்டு கட்டச் சரிபார்ப்பு' என்பதைப் போட்டுவிட்டால், ஓ.டி.பி. கசிந்தாலும் கதவுக்கு இன்னொரு பூட்டு இருக்கும்.

ஒருத்தி குறை சொன்னால்...

"முறுக்கு நமுத்துப் போச்சு. காசு தண்டம்!" என்று எல்லோரும் பார்க்கும் இடத்தில் ஒருத்தி எழுதிவிட்டாள். மனசு பதறத்தான் செய்யும். உடனே அழிக்கவும் வேண்டாம், சண்டைக்குப் போகவும் வேண்டாம். அழித்தால் அவள் பத்து இடத்தில் எழுதுவாள். சண்டை போட்டால் வேடிக்கை பார்க்கிறவர்கள் ஒதுங்கிவிடுவார்கள்.

ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு, "வருத்தமாக இருக்கிறது அம்மா, விவரம் தனியாகக் கேட்டுச் சரி செய்கிறேன்" என்று அங்கேயே எழுதுங்கள். பிறகு தனியாகப் பேசி, தவறு நம்முடையது என்றால் வேறு பொட்டலம் அனுப்புங்கள். பத்து நல்ல வார்த்தைகளைவிட, ஒரு குறையை நீங்கள் தீர்த்த விதம்தான் புது வாடிக்கையாளரை இழுக்கும். ஆனால் குறை சொல்லாமல் அசிங்கமாக மட்டும் எழுதுகிறவருக்குப் பதிலே வேண்டாம். அதைப் படமெடுத்து வைத்துக்கொண்டு 'பிளாக்' செய்யுங்கள்.

வீடு வேறு, கடை வேறு

வியாபாரத்துக்குத் தனி நம்பர் வைத்துக்கொள்ளுங்கள். குழந்தையின் பள்ளிச் சீருடைப் படம், வீட்டு வாசல், கதவு எண், "எல்லோரும் ஊருக்குப் போகிறோம்" என்ற அறிவிப்பு, இவற்றைக் கடைப் பக்கத்தில் போட வேண்டாம். பொருள் வாங்க நேரில் வருவதானால் வீட்டில் இன்னொருவர் இருக்கும் நேரத்தைச் சொல்லுங்கள்.

இன்னொன்று. இந்தக் கடைத்தெருவில் நாம் உட்கார்ந்திருப்பது அடுத்தவர் திண்ணையில்! 2020 ஜூன் 29 அன்று டிக்டாக் நம் நாட்டில் தடை செய்யப்பட்டபோது, லட்சக்கணக்கான ரசிகர்களைச் சேர்த்திருந்தவர்கள் ஒரே ராத்திரியில் வெறுங்கையோடு நின்றார்கள். 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் சுமார் ஆறு மணி நேரம் உலகெங்கும் படுத்துவிட்டன. ஆகவே வாடிக்கையாளர் பெயர், நம்பர், வரவு செலவு எல்லாவற்றையும் ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி வையுங்கள். பால் கணக்கு எழுதிப் பழகிய கைதானே!

ஏமாந்தே போனாலும்...

எத்தனை ஜாக்கிரதையாக இருந்தாலும் சில சமயம் கால் இடறும். அப்போது பணத்தைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று உண்டு. "வீட்டில் தெரிந்தால் திட்டுவார்களே" என்று பயந்து பல பெண்கள் வெளியே சொல்வதில்லை. சொன்னாலும், "உனக்கெதுக்கு இந்த வேலையெல்லாம்? பேசாம இரு" என்ற பேச்சு வருகிறது. முதல் முதலாகத் தன் கையால் சம்பாதித்த பெண், அதோடு கடையை மூடிவிடுகிறாள்.

அப்படி முடங்க வேண்டாம். ஏமாந்தது தெரிந்த உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, அவ்வளவுக்குப் பணம் மோசக்காரரின் கைக்குப் போய்ச் சேருமுன் வழியிலேயே நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு. வெட்கப்பட்டுக் கழிக்கும் ஒரு ராத்திரி அந்த வாய்ப்பைக் கெடுத்துவிடும். உங்கள் பெயரில் வேறொருவர் போலிப் பக்கம் திறந்து ஏமாற்றினால், அது 2000-ம் வருடத்துத் தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி மூன்று வருடம் வரை சிறைக்குரிய குற்றம். தொல்லை கொடுக்கும் ஆசாமிகளைப் பற்றிச் சொல்லப் பெண்களுக்கான உதவி எண் 181 இருக்கிறது.

கணவன்மார்களுக்கும், மாமியார்களுக்கும், வளர்ந்த பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. படித்து உத்தியோகத்தில் இருப்பவர்களும் இந்த மோசடிகளில் ஏமாறுகிறார்கள். வீட்டுப் பெண் ஒருமுறை ஏமாந்தால் திட்டாமல், பக்கத்தில் உட்கார்ந்து 1930-க்குப் போன் போட்டுக் கொடுங்கள். அடுத்த வாரம் அவள் மறுபடியும் அடுப்பைப் பற்ற வைத்து மிளகாய் வறுக்கட்டும். வீடு முழுக்கத் தும்மினாலும் பரவாயில்லை!