தறித் தெருவுக்கு ஓவியன் வெளியூரிலிருந்து வர வேண்டுமா?

காஞ்சிபுரத்தின் நெசவாளர் பகுதியான பிள்ளையார்பாளையத்தின் மேற்கு ஓரத்தில் கைலாசநாதர் கோயில் இருக்கிறது. எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராஜசிம்ம பல்லவன் கட்டியது. திருச்சுற்றை ஒட்டி 58 சிறு கோயில்கள். அவற்றின் சுவர்களில் சுண்ணாம்புப் பூச்சுக்கு அடியில் பல்லவர் கால ஓவியங்கள் மறைந்துகிடப்பதை 1931இல் புதுச்சேரியின் பிரெஞ்சுப் பேராசிரியர் ழுவோ துப்ராய் கண்டுசொன்னார். இன்று மிஞ்சியிருப்பவை துண்டுகள்தாம். சோமாஸ்கந்தரில் ஒரு பகுதி, அங்கங்கே ஒரு முகக்கோடு, கொஞ்சம் காவி, கொஞ்சம் மஞ்சள். மன்னன் தன் பட்டப்பெயர்களை இருநூறுக்கு மேல் கல்லில் வெட்டிவைத்தான். தீட்டியவன் பெயர் ஒன்றுகூட இல்லை. இத்தனைக்கும் ராஜசிம்மனின் முன்னோன் மகேந்திரவர்மன் தன்னையே 'சித்திரகாரப்புலி' என்று அழைத்துக்கொண்டவன்.

சுவரோவியம் இப்போது மறுபடியும் ஊர்ப்பேச்சாகியிருக்கிறது. டெல்லி லோதி காலனியில் தொடங்கிய அலை 2020இல் சென்னை கண்ணகி நகருக்கு வந்தது. 2000 முதல் நகரத்துக் குடிசைப் பகுதிகளிலிருந்து மக்களைக் கொண்டுபோய் இறக்கிய மறுகுடியமர்வுப் பகுதி அது. ஸ்டார்ட் இந்தியா அறக்கட்டளை மாநகராட்சியோடு சேர்ந்து, உள்நாட்டு, வெளிநாட்டு ஓவியர்களை அழைத்து, அடுக்குமாடிகளின் பக்கச் சுவர்களை வண்ணத்தில் நனைத்தது. பிறகு கோவை உக்கடம். முகவரியைச் சொல்லக் கூசிய கண்ணகி நகர் இளைஞர்களின் பகுதிக்குப் படம் எடுக்க ஆட்கள் வந்தார்கள். அது சின்ன விஷயம் இல்லை. தண்ணீரும் வேலையும் வண்ணத்தால் வந்துவிடாது என்ற எதிர்ப்பேச்சும் நியாயமானதே.

காஞ்சிபுரத்துக்கும் இப்படி ஒன்று வேண்டும் என்று சொல்பவர்களில் நானும் ஒருவன். ஆனால் பிள்ளையார்பாளையம் கண்ணகி நகர் அல்ல. இங்கே வரைவது தலைமுறைத் தொழில். கோர்வையில் கரையையும் உடலையும் இணைப்பவர், பேட்னி போட்டு முந்தானை நிறத்தை மாற்றுபவர், மயில்கண், ருத்ராட்சம், தாழம்பூ ரேக்கு, இருதலைப்பட்சி என்று பெயர் சொன்னதும் கை தானாக ஓடுகிற டிசைன்காரர், எல்லோரும் நாலைந்து தெருவுக்குள் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கலையைக் காட்ட வெளியிலிருந்து ஒருவர் ஏணியோடு வந்து இறங்குவது, மன்னிக்கவும், கொஞ்சம் வேடிக்கை.

டிசைன்காரரின் வேலையைக் கவனித்தவர்களுக்கு இது புரியும். கிராப் தாளில் ஒவ்வொரு கட்டமும் பாவும் ஊடையும் சந்திக்கும் இடம். ஒரு வரிசை ஜக்கார்டு பெட்டியில் ஓர் அட்டையாகும். துளை விழுந்த இடத்தில் பாவு இழை உயரும். ஒரு யாளியின் வாலை எத்தனை கட்டத்தில் வளைக்கலாம் என்பது அவருக்கு மனப்பாடம். இப்போது சினிமா பேனர் வரைந்த ஓவியரை நினைத்துக்கொள்ளுங்கள். அவரும் சின்னப் படத்தின் மேல் கட்டம் போட்டுத்தான் அதை முப்பதடிக்குப் பெருக்கினார். ஆக, கிராப் தாள் டிசைன்காரரைச் சுவருக்கு அழைத்துப்போகப் புதிய பள்ளி எதுவும் தேவையில்லை. பெரிய கட்டமும் பெரிய தூரிகையும் போதும். கணினி வந்தபின் தாளில் கையால் வரைபவர்கள் குறைந்துவிட்டார்கள். ஃப்ளெக்ஸ் வந்தபின் பேனர் ஓவியர்களும் அப்படியே. வேலை இழந்த இந்த இரண்டு கைகளையும் ஒரே சுவரில் நிறுத்தலாம். சென்னை மாநகராட்சி 2009, 2010 வாக்கில் அண்ணா சாலைச் சுவர்களில் போஸ்டர் ஒட்டத் தடைபோட்டு, வேலையற்றுப்போன பேனர் ஓவியர்களைக் கொண்டு படம் தீட்ட வைத்ததே, பாதி வழி அப்போதே போட்டாயிற்று.

ஓவியனும் நெசவும் சேர்வது தமிழ்நாட்டில் புதிதுமல்ல. 1950களில் புபுல் ஜெயகர் முன்னின்று உருவாக்கிய நெசவாளர் சேவை மையங்களில் அரசு ஓவியர்களுக்குச் சம்பளம் கொடுத்தது. ரெட்டப்ப நாயுடு, கே.எம். ஆதிமூலம், வீர சந்தானம், ட்ராட்ஸ்கி மருது எல்லோரும் அங்கே வேலை பார்த்தவர்கள். நவீனத் தமிழ் ஓவியத்தின் பெரும்பங்கு ஒரு துணித்துறை அலுவலகத்தின் சம்பளப் பட்டியலில் வளர்ந்தது என்றால் மிகையில்லை. அவர்கள் கண்காட்சிகளில் அறியப்பட்டார்கள். நெசவாளர் பெயர் மட்டும் சேலையின் எந்த மூலையிலும் ஏறவில்லை.

ஒடிசாவின் ரகுராஜ்பூரைப் பார்க்கலாம். பூரிக்குப் பக்கத்தில் பார்கவி ஆற்றங்கரையில் பட்டசித்திரம் வரையும் குடும்பங்களின் ஊர். 2000இல் இன்டாக் அமைப்பு அதைப் பாரம்பரியக் கிராமமாக அறிவித்து வளர்த்தெடுத்தது. அங்கே வீட்டுச் சுவரில் இருப்பது அந்த ஊர்க்காரர் கைவேலை. வரைபவரே வாசலில் உட்கார்ந்து விற்கிறார். தெருவுக்கு வந்த பெயர் அவர் வீட்டுக்குப் போகிறது. பிள்ளையார்பாளையத்துக்கு எடுத்துக்கொள்ளத் தகுந்த முன்மாதிரி இதுதான்.

ஓவியத்தோடு நிற்கவும் வேண்டாம். காஞ்சிபுரத்தைச் சுற்றியுள்ள கிராமங்களில் திரௌபதி அம்மன் கோயில் பாரதம் நடக்கும்போது கடைசி நாள் படுகளம் பார்த்திருப்பீர்கள். தரையில் மண்ணைக் குழைத்துப் படுத்த நிலையில் துரியோதனனை ஆளுயரத்துக்குப் பலமடங்கு பெரிதாக வைப்பார்கள். கூத்தில் பீமன் வந்து தொடையை உடைப்பான், ஊரே கூடி நிற்கும், அன்றோடு சிலை முடிந்தது. பொது இடச் சிற்பம் என்று மேலைநாட்டில் கலைக்கல்லூரிகள் விவாதிக்கிற ஒன்றை இங்கே உள்ளூர்க் கைகள் ஒவ்வொரு கோடையிலும் செய்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு போகின்றன. புஞ்சரசந்தாங்கலில் பெ. ராஜகோபாலும் ஹன்னே டி புருயினும் கட்டைக்கூத்துக் குருகுலம் நடத்திப் பெண்பிள்ளைகளையும் மேடையேற்றினார்கள். ஊருக்கு எட்டும் தூரத்தில் இவ்வளவு இருக்க, தறித் தெருவின் விழாவுக்கு விளம்பர நிறுவனத்தைக் கூப்பிடுவானேன்?

ஆனால் ஒரு எச்சரிக்கை. நெசவாளருக்குத் தெரு என்பது போக்குவரத்துக்கான இடம் மட்டுமல்ல. விடியற்காலையில் பாவை நீளமாக இழுத்துப் பிடித்துச் சரிசெய்யும் இடமும் அதுதான். சிலை வைக்கிறேன், பூந்தொட்டி வைக்கிறேன், செல்ஃபி மேடை வைக்கிறேன் என்று கிளம்பினால் பாவு ஓட இடம் இருக்காது. ஜன்னல் வெளிச்சத்தை மறைக்கும் எதுவும் தறிக்குழிக்குள் உட்கார்ந்திருப்பவருக்கு எதிரிதான். கூட்டுறவுச் சங்கக் கட்டடம், பள்ளி மதில், நீர்த்தொட்டி, பேருந்து நிழற்குடை ஆகியவை போதும். கட்சிக்காரர்கள் ஏற்கெனவே 'முன்பதிவு' எழுதிவைத்த சுவர்களை விட்டுவிடலாம், அண்ணா பிறந்த ஊரில் அவற்றுக்குப் பஞ்சமில்லை.

இன்னொரு பேச்சும் வரும். புது டிசைனைச் சுவரில் பெரிதாகப் போட்டால் விசைத்தறிக்காரர் போனில் படம் எடுத்துக்கொண்டு போய்விடுவார். கைத்தறிக்கென்று சில ரகங்களை ஒதுக்கிய 1985ஆம் ஆண்டுச் சட்டம் இருந்தும் நகல் நின்றபாடில்லை என்பது ஊரறிந்தது. ஆகவே சுவருக்குப் பழைய டிசைன்களே ஏறட்டும், இப்போது நெய்ய ஆளில்லாமல் பெட்டிக்குள் கிடப்பவை. புதியவை தறியிலேயே இருக்கட்டும்.

காசு யார் தருவது என்பதுதான் கடைசிக் கேள்வி, முதல் கேள்வியும்கூட. பெயிண்ட் நிறுவனங்கள் வண்ணம் இலவசமாகக் கொடுக்கும். லோதியிலும் கண்ணகி நகரிலும் ஏசியன் பெயின்ட்ஸ் நின்றது. வண்ணம் கிடைத்துவிட்டது என்று கூலியை மறந்துவிடக்கூடாது. தறியை விட்டு ஒரு நாள் வெளியே வருபவருக்கு அந்த நாள் கூலி போகிறது. மாநகராட்சி ஒப்பந்தத்தில் டிசைன்காரர், வரைபவர், கட்டம் போடும் உதவியாள் மூவருக்கும் தனித்தனி நாட்கூலி எழுதப்பட வேண்டும். வலது கீழ் மூலையில் பேனர்காரர் பாணியில் அவர்கள் பெயரும் தெருவும். காஞ்சிபுரம் வெயிலில் நாலைந்து வருடத்துக்குமேல் வெளிச்சுவர் வண்ணம் தாங்காது. மறுபூச்சுக்கு இந்த ஒப்பந்தத்திலேயே ஒரு தொகை ஒதுக்கிவைத்து, அந்த வேலையையும் அதே தெருக்காரருக்கே கொடுக்க வேண்டும்.